பர்மாவிலேயே தங்கிவிட்ட ஐ.என்.ஏ. தமிழர்கள் முடங்கிப்போனார்களா?

கேள்வி: 2018 ஆகஸ்ட் 16

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் இருந்து பிறகு பொதுவாழ்க்கைக்கு வந்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்கோ மலாயாவுக்கோ போனவர்கள்தான். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஜானகி தேவர் கோலாலம்பூரில் மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு முடங்கிவிட்டார்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களையும் தியாகிகள் வரிசையில் வைக்க வேண்டுமா?

2018 ஆகஸ்ட் 17

முடங்கிவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் தாத்தா, அப்பாவின் அப்பா, 1943இல் ரங்கூனில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். 1925இல் சிரியத்தில் பிறந்தார், 2011இல் ரங்கூனில் இறந்தார். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தியாகி பென்ஷன் கேட்டு எங்கும் விண்ணப்பித்ததும் இல்லை. போர் முடிந்த பிறகு அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நேதாஜியைப் பார்த்தாரா, பேசினாரா என்பதோடு எல்லோருக்கும் கதை முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நினைவுக்கு வரவர எழுதுவேன், வரிசையாக வராது.

2018 ஆகஸ்ட் 18

முதலில் சிரியம். ரங்கூனுக்குப் பக்கத்து ஊர், இப்போது தன்லியின் என்கிறோம். கொள்ளுத்தாத்தா அங்கே பி.ஓ.சி. என்கிற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். 1942 மார்ச் 7ஆம் தேதி, ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரர்களே அந்த ஆலையைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. எண்ணெய் எரிந்த புகையில் பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது என்று தாத்தா சொல்லுவார்.

அதற்கு முன்பே தாத்தாவின் அண்ணன் அஸ்ஸாம் பக்கம் நடக்கும் கூட்டத்தோடு கிளம்பியிருந்தார். போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்பி எல்லோரையும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அந்த வருடம் நாலைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், வழியில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அண்ணனைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அண்ணியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் சிரியத்தில். கொள்ளுத்தாத்தா அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். பதினேழு வயதில் தாத்தா வீட்டுக்கு மூத்த ஆண்.

ஏன் சேர்ந்தீர்கள் என்று நான் சிறு வயதில் கேட்டபோது, நாட்டுக்காக என்று ஒரு தடவையும், அரிசிக்காக என்று ஒரு தடவையும் சொன்னார். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் இருந்தது. சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐ.என்.ஏ. உடுப்பு போட்ட வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது.

2018 ஆகஸ்ட் 20

"சண்டை போட்டவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடவில்லை. ரங்கூனில் பயிற்சி முடிந்ததும் ஆஸ்பத்திரி உதவியாளாக மேமியோ என்ற மலை ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஐ.என்.ஏ. ஆஸ்பத்திரி இருந்தது. ஐ.என்.ஏ.வின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்த பலர் அங்கே நர்ஸ் வேலை பார்த்தார்கள். 1944 ஜூலையில் இம்பால் பக்கத்திலிருந்து படை திரும்ப ஆரம்பித்தது. கொட்டும் மழையில், சோறில்லாமல், மலையிறங்கி வந்தார்கள். குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வந்தவர்கள்தான் அதிகம்.

கேப்டன் லட்சுமியைப் பற்றிக் கேள்வியில் எழுதியவருக்காக இதைச் சொல்கிறேன். மேமியோவில் தாத்தா கற்றது ஊசி போடவோ கட்டுக் கட்டவோ மட்டும் இல்லை. சாகப்போகிறவனிடம் ஊர், அப்பன் பேர், தெருப் பேர் கேட்டு எழுதிக்கொள்வது அவர் வேலைகளில் ஒன்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக ஆரம்பித்தது. மலாயாத் தோட்டங்களில் சேர்ந்த தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர். ராமநாதபுரம், தஞ்சாவூர்க் கிராமங்களின் பேர் சொல்லுவார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாதவன்கூட அப்பா பிறந்த ஊரின் பேரைச் சொல்லுவானாம்.

எழுதிய நோட்டு 1945இல் பிடிபட்டபோது பறிபோய்விட்டது. ஆனால் தாத்தா அதை ராத்திரி ராத்திரி வாய்ப்பாடு மாதிரி மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தவர். 1946இல் தபால் மறுபடி சரியாக ஓட ஆரம்பித்ததும் நினைவிலிருந்து ஒவ்வொரு முகவரியாக எழுதிப் போட்டார். உங்கள் மகன் இன்ன மாதம் இன்ன இடத்தில் இறந்தார், நான் பக்கத்தில் இருந்தேன், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான் கடிதம். சிலது திரும்பி வந்தன. சிலதற்குப் பதில் வந்தது.

2018 ஆகஸ்ட் 20, இரவு

அந்தப் பெயர்களை இங்கே போடச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போடமாட்டேன். அவை அந்தந்த வீட்டுக்குப் போன செய்தி.

2018 ஆகஸ்ட் 25

1945 ஏப்ரல் கடைசி வாரத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். தாத்தாவின் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்போது அவரை ரங்கூனுக்கு மாற்றியிருந்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ஜான்சி ராணிப் படைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பாங்காக் திசையில் கிளம்பினார். ஜப்பான்காரர்களும் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேஜர் ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் 5,000 முதல் 6,000 ஐ.என்.ஏ. ஆட்கள் ரங்கூனிலேயே விடப்பட்டார்கள். லோகநாதன் தமிழர், டாக்டர், அந்தமானுக்கு ஆளுநராக இருந்து வந்தவர். அவருக்குக் கொடுத்த உத்தரவு ஊரில் இருக்கிற இந்தியர்களைக் காப்பாற்று, ஒழுங்கைப் பார்த்துக்கொள், பிறகு சரணடை என்பதுதான்.

இதன் அருமை 1942ஐப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வருடம் வெள்ளைக்காரர்கள் போய் ஜப்பான்காரர்கள் வருவதற்குள் ஊர் என்ன பாடு பட்டது! ஜெயிலையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியையும் திறந்துவிட்டார்கள். கடை உடைத்தல், தீ வைத்தல், கொலை. போருக்கு முன்னால் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஓடமுடியாமல் மிச்சம் இருந்தவர்கள் மூன்று வருடம் கழித்து மறுபடி அதே பயத்தில் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தாத்தாவையும் இன்னும் சிலரையும் ஒரு அரிசிக் கிடங்கு வாசலில் போட்டார்கள். பகலில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது, இரவில் தெருவைச் சுற்றி வருவது. இந்தியன், பர்மியன், சீனன் என்று பார்க்காமல் வரிசையில் நின்றவனுக்கெல்லாம் அளந்தார்கள். ஒரு கிழவி பானையை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வந்தாளாம். மூன்றாவது தடவை தாத்தா கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாள் என்றாளாம். கூடவே போய்ப் பார்த்திருக்கிறார். உண்மைதான். அன்றிலிருந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளை எழுதிவைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சிறைக்குள் இருந்த பிரிட்டிஷ் கைதிகள், ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள் என்று கூரைமேல் பெரிய எழுத்தில் எழுதி விமானங்களுக்குக் காட்டினார்கள். மே 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஆற்று வழியாக ஊருக்குள் வந்தது. சுட ஆளில்லை. 1942 மாதிரி எதுவும் நடக்காத ஒரு நகரத்தை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஐ.என்.ஏ. ஆட்கள் ஆயுதத்தை வைத்தார்கள், கைதியானார்கள். உள்ளூரில் சேர்ந்தவர் என்பதால் தாத்தாவைச் சில மாதம் அடைத்துவைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இம்பாலைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்த ஒன்பது பத்து நாளைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பார்ப்பது அபூர்வம். என்னைக் கேட்டால் ஐ.என்.ஏ. பர்மாத் தமிழனுக்குச் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான்.

2018 ஆகஸ்ட் 27

பினாங்கிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தாவைத் தோட்டத்திலிருந்து ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஜப்பான்காரனோடு நின்ற படைக்கு என்ன பெருமை என்று கேட்கிறார்.

கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு என் தாத்தாவும் பதில் வைத்திருக்கவில்லை. 415 கிலோமீட்டர்ப் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் செத்த தமிழர்களுக்குக் கணக்குக்கூட ஒழுங்காக இல்லை. தாத்தா ஒரு தடவை மோல்மேன் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் அப்படியே அந்தப் பாதையின் பர்மா முனையான தன்பியுசயாத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே கைதிகளாக இறந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பேர் பொறித்து, ஒழுங்காக. தமிழனுக்கு ஒரு கல்லைக்கூட அவர் பார்க்கவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அப்பாயி, அப்பாவின் அம்மா, சொன்னாள். "நாங்கள் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தபோது இது நடந்துகொண்டிருந்தது" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாராம்.

பெருமையையும் இதையும் நான் சேர்த்தேதான் வைத்துக்கொள்கிறேன்.

2018 செப்டம்பர் 2

குடும்பம். சிறையிலிருந்து வந்ததும் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதப் போனார். அண்ணியையும் பிள்ளைகளையும் ரங்கூனுக்குக் கூட்டிவந்தார். 1949இல் கல்யாணம். அந்த வருடம் கரேன் இனத்தாரின் கிளர்ச்சி ரங்கூனை ஒட்டிய இன்செய்ன் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளூர்களிலிருந்து ஓடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோயிலில் சமைத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை பந்தலிலிருந்து இறங்கிய கையோடு அங்கேதான் நின்றார் என்பது அப்பாயியின் நிரந்தரப் புகார்.

அண்ணன் மகளை, எங்கள் பெரிய அத்தையை, மெட்ரிக் வரை படிக்கவைத்தார். அவருடைய சொந்தப் பிள்ளைகளான அப்பாவும் சின்ன அத்தையும் பிறகுதான். பள்ளிக் கட்டணத்துக்கு ஒரே ஆளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அண்ணன் பிள்ளைக்குப் போகும். இந்தப் பாரபட்சம் அப்பாவுக்குக் கடைசி வரை கொஞ்சம் உறுத்தல்தான். "எனக்குக் கேட்டால் கொடுப்பார், அவர்களுக்குக் கேட்காமலே கொடுப்பார்" என்பார்.

2018 செப்டம்பர் 9

1964. இங்கே எழுதுகிற பலருடைய தாய் தகப்பன் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குப் போன அகதிக் கப்பல்களில் வந்தவர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் கடைகளை பர்மா ராணுவ அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி ஐம்பது க்யாட், நூறு க்யாட் நோட்டு செல்லாது என்றார்கள். வேலை போயிற்று, கடை போயிற்று, கையில் இருந்த காசும் போயிற்று. அடுத்த சில வருடங்களில் மூன்று லட்சம் இந்தியர்கள் வரை கிளம்பிவிட்டார்கள். அப்பாயியின் அக்கா, தங்கை எல்லோரும் போனார்கள். கழுத்தில் கிடந்ததைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று திருச்சியில் இருக்கும் பெரிய பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தாத்தா குடும்பத்துக்கும் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. தெருவில் மிச்சம் இருந்தவர்களைப் பாருங்கள்: கிழவர்கள், பர்மியப் பெண்ணைக் கட்டியவர்கள், சிரியம், பேகு பக்கம் வயலில் இருந்து நகர முடியாதவர்கள். படித்தவன், பணக்காரன், கோயில் தர்மகர்த்தா எல்லோரும் போய்விட்டார்கள். பர்மிய மொழியில் ஒரு மனு எழுத ஆளில்லை. இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தாத்தா நின்றுவிட்டார். வீட்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்லுவார்கள்.

2018 செப்டம்பர் 10

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) எங்கே நன்றாக இருக்கும் என்று இங்கே பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, சரி, நானும் ஒன்று சொல்கிறேன். தாத்தா காலையில் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிடுவார், எங்கள் தெரு முனைக் கடையில். கூட உட்காருகிறவர் ஒரு பர்மியப் பெரியவர். பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் படையில் இருந்தவர். 1945 மார்ச் 27ஆம் தேதி ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பிய படை அது. அதாவது அந்த ஏப்ரலில் இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். இதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் முழங்கால் வலி, நெல் விலை, கடைக்காரி வாழைத்தண்டு கம்மியாகப் போடுகிறாள் என்பது. தாத்தா ஊராருக்கு எழுதிக் கொடுத்த மனு ஏதாவது வார்டு அலுவலகத்தில் நின்றுபோனால் அந்தப் பெரியவர் தோள்துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே போவார். அவர் இல்லாமல் பாதிக் காரியம் நடந்திருக்காது.

2018 செப்டம்பர் 23

மனு எழுதிய கதை.

ஞாயிறு காலை, கோயில் வெளி மண்டபத்தில், ஒரு பலகை. முதலில் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டுப் புதுப்பிக்கிற மனுக்கள்தான். 1982இல் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் கூட்டம் தெருவரை நின்றது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியேற்றக் குடிமகனுக்குப் பச்சை. 1948 ஜனவரி 4ஆம் தேதிக்கு முன்பே இந்த நாட்டில் இருந்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். குண்டு விழுந்து வீடு எரிந்தவனிடம், காட்டுப்பாதையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவனிடம் என்ன காகிதம் இருக்கும்?

பிறந்த தேதி என்ன என்று கேட்டால் கிழவிக்குத் தெரியாது. தாத்தா வேறு மாதிரி கேட்பார். பேகுவில் பூமி அதிர்ந்தபோது நீ நடந்தாயா, இடுப்பில் இருந்தாயா? அது 1930 மே. 38இல் இந்தியர்களை அடித்த கலவரத்தில் யார் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? முதல் குண்டு விழுந்தபோது வயதுக்கு வந்துவிட்டாயா? அது 1941 டிசம்பர் 23. இப்படிக் கேட்டுக் கேட்டு வருடத்தைப் பிடித்துவிடுவார். பிறகு அதற்குச் சாட்சி தேடுவார். கோயில் வரவுசெலவுப் புத்தகத்தில் காதுகுத்துக்கு ரசீது போட்டிருக்கும். ஆலைச் சம்பளச் சீட்டில் அப்பன் பேர் இருக்கும்.

பேர்தான் பெரிய தொல்லை. கோயிலில் ஒரு தமிழ்ப் பேர், பள்ளியில் ஒரு பர்மியப் பேர், பழைய ஆங்கிலச் சீட்டில் எழுத்து மாறிய இன்னொரு பேர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும். ஒரு எழுத்து தவறினால் மனு திரும்பும், பேரப்பிள்ளைக்கு மருத்துவமோ பொறியியலோ படிக்க இடம் கிடைக்காது. சோசலிச காலத்தில் கார்பன் பேப்பர் கிடைக்காது. கறுப்புச் சந்தையில் வாங்கிவருவார், அவருடைய காசில். காப்பி இல்லாத மனுவைக் கொடுக்கவிடமாட்டார். கூலி வாங்கியதில்லை. ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

நான் பள்ளி விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து மை உலர்த்தியிருக்கிறேன். அவர் கேள்வி கேட்கிற தொனி இன்னும் காதில் இருக்கிறது. மேமியோவில் அந்தப் பையன்களிடம் ஊரும் அப்பன் பேரும் கேட்டதும் இதே தொனியில்தான் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு மனு? அண்ணன் பிள்ளைகளான பெரியப்பாவுடையதும் பெரிய அத்தையுடையதும் முதலில் போயின. அவர்களுடைய அப்பா 42இல் நாட்டை விட்டுப் போனவர் என்பதால் சிக்கல் அதிகம். அதை முடித்த பிறகுதான் தன்னுடையதை எடுத்தார்.

2018 செப்டம்பர் 24

நேற்று எழுதியதைச் சின்ன அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 64 விஷயத்தில் அத்தை வேறு விதமாகச் சொல்கிறாள். கொள்ளுப்பாட்டி அப்போது உயிரோடு இருந்தாள், பக்கவாதத்தில் படுத்திருந்தாள். பெரிய அத்தையோ பர்மியரைக் கட்டிக்கொண்டு நிறைமாதமாக இருந்தாள். "தாயையும் அண்ணன் மகளையும் விட்டுவிட்டு எங்கே போவது? ஊருக்காக என்பதெல்லாம் அப்புறம் வந்த பேச்சு" என்கிறாள்.

இருக்கலாம். அப்படியென்றால் கேள்வி கேட்டவர் சொன்னதுபோல் குடும்பத்துக்காகத்தான் தங்கினார் என்று ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுத்திருந்த தாய்க்குப் பதிவுச் சீட்டு வாங்க அலுவலகத்துக்குப் போனவர், வரிசையில் முன்னும் பின்னும் நின்ற கிழங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் பிள்ளைகளுக்காகச் சட்டத்தைப் படித்தார், படித்த சட்டத்தை ஊருக்குக் கொடுத்தார். வீட்டு வேலை எங்கே முடிந்தது, ஊர் வேலை எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நீங்கள் ஏன் அதைப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

அத்தை இன்னொன்றும் சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவருக்குச் சோறு மிச்சம் வைக்க அப்பாயி ஒரு நாளும் மறந்ததில்லை, திட்டாமல் போட்டதும் இல்லை. அப்பாயியின் பங்கு பெரிது. அக்கா தங்கை ஒருத்தி இல்லாமல் நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தாள். அவளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

2018 அக்டோபர் 21

இன்று டெல்லி செங்கோட்டையில், நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் 75ஆம் ஆண்டுக்கு இந்தியப் பிரதமர் கொடி ஏற்றியிருக்கிறார். படம் அனுப்பியவர்களுக்கு நன்றி. மகிழ்ச்சிதான். 45 கடைசியில் அதே செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ், சேகல், தில்லன் மூவரையும் விசாரித்தபோது தாத்தா ரங்கூனில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்கக் கேட்டாராம்.

மேடையில் தொப்பி போட்டவர்களைப் பார்க்கும்போது ஒரு ஆசை வருகிறது. லோகநாதனின் ரங்கூன் நாட்களைப் பற்றியும் யாராவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

2018 நவம்பர் 11

தாத்தாவோடு டவுக்யான் போனது இன்று ஞாபகம் வந்தது. ரங்கூனுக்கு வடக்கே, பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்களின் பெரிய கல்லறைத் தோட்டம். 6,000க்கு மேல் கல்லறைகள். நடுவில் தூண்களில், உடல் கிடைக்காத 27,000 பேரின் பெயர்கள். பாதிக்கு மேல் நம் ஆட்கள். சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி முஸ்லிம், மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை. தாத்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மதராஸ் வரிசையைப் படித்தார். முனுசாமி, ஆரோக்கியசாமி, அப்துல் என்று ஒவ்வொரு பேரையும் வாய்விட்டு.

எதிரிப் படைதானே தாத்தா என்றேன். "மேமியோவுக்கு வந்திருந்தால் இவன் பேரையும் எழுதியிருப்பேன்" என்றார். வெயில் ஏறிவிட்டது, எவ்வளவு கூப்பிட்டும் கடைசித் தூண் வரை படித்துவிட்டுத்தான் வந்தார்.

2018 நவம்பர் 12

நர்கிஸ் புயல் சமயத்தில் இருந்தாரா என்று கேட்டவருக்கு: இருந்தார், எண்பத்து மூன்று வயது. 2008 மே 2ஆம் தேதி ராத்திரி. ஐராவதி டெல்டாவில் 1,00,000க்கு மேல் மக்கள் செத்துப்போனார்கள். ரங்கூனில் மரமெல்லாம் சாய்ந்து, தண்ணீர், கரண்ட் இல்லை. கோயிலில் அடுப்பு மூட்டியதும் தாத்தா கேட்டது ஒரு காகிதமும் பேனாவும். நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார், நாங்கள் எழுதினோம், பையன்கள் சோற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் கூரையில் பாதி பறந்துபோயிருந்தது. அதை ஒரு வாரம் கழித்துத்தான் சரிசெய்தோம்.

2019 ஜனவரி 27

நேற்று டெல்லிக் குடியரசு தின அணிவகுப்பில் தொண்ணூறு வயது தாண்டிய நாலு ஐ.என்.ஏ. வீரர்கள் ஜீப்பில் வந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவையாம். கண் கலங்கிவிட்டது. அவர்கள் ஒவ்வொருவருடைய வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அவளிடம் போய் 45க்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள், அதையும் எழுதுங்கள்.

2019 பிப்ரவரி 10

தன்லியினிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாட்டிக்குப் பச்சை அட்டை, அம்மாவுக்கும் பச்சை, தனக்கு முழுக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தம்பி, பாட்டியின் அட்டை, அம்மாவின் அட்டை, குடும்பப் பட்டியல், உங்கள் பிறப்புச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு நகல் எடுங்கள். பேர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். மாறியிருந்தால் மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் சேர்க்க வேண்டும், தாத்தா எழுதிய மாதிரி என்னிடம் இருக்கிறது. பாட்டியின் பழைய சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கும், ஆங்கிலத்தில் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கோயிலில்தான் இருப்பேன். பாட்டி வர முடிந்தால் பாட்டியையும் கூட்டி வாருங்கள், சில விஷயம் அவரிடமே கேட்க வேண்டும்.